சைபர்

கொம்பனி மொன்றியலில்.
சொல்லுக்கு எட்டுச் சதம், எண்ணாயிரம் சொல்.
பலகை, வரைபடம், அட்டைகள் எல்லாம் அவர்கள் வேலை.
பெட்டிக்குள் வைக்கும் கதைப் புத்தகம் மட்டும் நான்.
கேட்டது இவ்வளவு:
ஒரு குளம். குளத்தின் அடியில்
குளத்துக்கு முதலே கிடந்த ஒன்று.
பெயர் கூடாது.
கண்டவருக்குப் புத்தி தங்கக் கூடாது.

பகலில் எனக்கு நீர்ப்பாசனத் திணைக்களம்.
காலை ஆறு மணிக்கு வவுனிக்குளத்து அளவுகோலைப் பார்த்து
அடி, அங்குலம், பதிவேட்டில் எழுதுவேன்.
ஆகவே குளம் கைவசம் இருந்தது.

இரவில் மல்லாவிச் சந்தி,
வாகீசனின் மோட்டர் சுற்றுகிற கடை.
ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு
எழுதியதை விளையாடிப் பார்த்தோம்:
அவன், உழவு மெசின் ஓடும் அன்ரனிதாஸ்,
வங்கியில் காசெண்ணும் சுகிர்தமலர், நான்.
பத்து முகக் கட்டை சுங்கத்தில் நின்றுவிட்டது.
வாகீசன் நீள நட்டொன்றின் ஆறு பக்கத்திலும்
இலக்கம் கீறித் தந்தான்.
கிறீஸ் மணத்தோடு உருண்டது.

விதி இலகு. அது எழும்பும்போது எறி.
ஒன்று விழுந்தால் வேர்க்கும்.
மூன்றென்றால் கை நடுங்கும்.
ஆறென்றால் மூன்று நாள் பேச்சு வராது.
ஏழிலிருந்துதான் புத்தி தட்டும்.
நட்டிலே ஏழு இல்லை.

அதனால் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு நின்றது, பிறகு வந்தது.
கை நடுங்கியது,
நடுங்கிய கையாலேயே தேத்தண்ணி ஊத்தினார்கள்.
அலைகரைக்கு மேலால் அது வானத்தை மறைத்து நிமிர்ந்தபோது
அன்ரனிதாஸ் கேட்டான்: எந்தப் பக்கமாய்ப் போகுது?
சுகிர்தமலர் கேட்டாள்:
கிழக்கை எத்தினை குடும்பம்? ஆரிட்டை இருக்கு லிஸ்ட்?
வாகீசன் எழும்பிப் போய்
ஒருவரின் சைக்கிளுக்குக் காத்தடித்துவிட்டு வந்தான்.
விதிப்புத்தகத்தில் இதொன்றுக்கும் புள்ளி இல்லை.

அப்படியே எழுதி அனுப்பினேன்.
பதில் மரியாதையாய் வந்தது.
குளம் அருமை. ஆனால் உங்கள் மனிதர் போதியளவு அலறவில்லை.
அகிலம் தம்மைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று
அறியும் கணத்தில் அவர்கள் உடைய வேண்டும்.
அந்த அறிவு அவர்களுக்குப் புதிதாய் இருக்க வேண்டும்.

புதிதாய்.
அந்தச் சொல்லைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அலறல் எழுதினேன், ஆறு பக்கம்.
அலறலும் சொல்தான். எட்டுச் சதம்.

ஐப்பசியில் கட்டை வந்தது.
பச்சை நிறம், நகத்தளவு,
உள்ளே பால் திரைந்த மாதிரிப் புகை.
சுகிர்தமலர்தான் முதலில் எறிந்தாள்.
சைபர்.

சைபரெண்டால் ஒண்டுமில்லைத்தானே, என்றாள்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்,
நான் எழுதாத பக்கம்:
சைபரைப் பத்தென்று வாசிக்கவும்.

வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.
அவள் கட்டையைத் தொடவில்லை.
எங்கடை வீட்டுப் படிவத்திலையும்
ஒரு கட்டத்துக்குள்ளை சைபர்தான் போட்டுத் தந்தவங்கள்,
என்றாள். அதையும் அப்பிடி வாசிக்கலாமோ?

கடைக்குள் ஒரு மோட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
வாகீசன் லாச்சியைத் திறந்து
பழைய நட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.
இதாலை எறி, என்றான்.
அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு
ஷட்டருக்குக் கீழால் குனிந்து போனாள்.

விடிய அளவுகோலில்
நேற்றையதைவிட அரை அங்குலம் கூட.
மழை இல்லை. துருசு திறக்கவில்லை. காற்றும் இல்லை.
அடி எழுதினேன், அங்குலம் எழுதினேன்,
காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
கட்டில் நின்ற கொக்கு
ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டது.